ஜன்னல் பக்கத்து எறும்புகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குழந்தைகள் வார்டின் பதினோராம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பின்வருமாறு. தலைமாட்டில், சுவரில் முதுகைக் கொடுத்து, குழந்தையின் தாய். கால்மாட்டில், கட்டில் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும், தகப்பன். ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் தகப்பனின் தங்கை, அதாவது தாய்க்கு நாத்தனார். வாசல் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. அதற்கு ஒரு கால் ஆட்டம். நடுவில் நாலு வயதுப் பெண் குழந்தை, இன்னும் பேச்சு வராதவள்.

தபால் நிலையத்தில், முகவரி தெரியாமல் தேங்கும் கடிதங்களின் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். யோசிப்பதற்கு முன்னால் இருப்பதை எழுது என்பது அங்கே படிந்த பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் எனக்குத் ‘தபால்’ என்றே பெயர். என் உதவியாளரை எல்லோரும் ‘ஊசி’ என்பார்கள். பழைய நர்ஸ். ஊசி போடுவதை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது, குத்துவதை விடவில்லை.

நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். எங்களை அழைத்து வந்த தாய்மாமனும், அதாவது தாயின் கூடப்பிறந்த அண்ணனும், நாத்தனாருக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றார். நாற்காலி போதவில்லை. நின்றவர்களைப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் வயிற்றுவலி, வாந்தி, வலிப்பு என்று குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரத்தத்தில் ஈயம் என்றார்கள் டாக்டர்கள். வீட்டுச் சுவர், குழாய், பாத்திரம் எல்லாம் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை. முதல் வாரம் தீவிர சிகிச்சையில், யாரையும் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தபோது ஈயம் இறங்கியது. வார்டுக்கு மாற்றிய பிறகு, போன திங்கட்கிழமைச் சோதனையில் ஏறியிருந்தது. வெளிச்சாப்பாடு ஒரு பருக்கைகூட உள்ளே வராத வார்டு. இரவும் பகலும் குழந்தையோடு இருப்பவள் தாய் ஒருத்திதான், மற்ற உறவினருக்கு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம்தான் அனுமதி. நாத்தனார் புகார் எழுதிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் நலக் குழு கூடுகிறது. அன்று குழந்தை காப்பகத்துக்கும் தாய் காவல் நிலையத்துக்கும் போக வேண்டியதுதான்.

“என் அண்ணன் ஒருத்தன்தான் என்னை நம்புறான் சார்” என்றாள் தாய். அவளுடைய பத்து விரல் நகங்களும் சதை வரை கடிபட்டிருந்தன.

அந்த அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நான் குறிப்பெழுதக் குனிந்தபோது என் கண்ணாடியின் திருகாணி கழன்று விழுந்தது. அவர் தரையில் மண்டியிட்டு, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து அதை எடுத்தார். இரண்டு தடவை நழுவியது. சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக்கூட்டை எடுத்து, அதற்குள்ளிருந்த குட்டித் திருப்புளியால் முடுக்கிக் கொடுத்தார்.

“கண்ணுல கண்ணாடி இல்லை, பையில கூடு இருக்கு” என்று ஊசி என் காதில் சொன்னாள். “ஆனா நல்ல மனுஷன். வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது.”

ஐந்து மணிக்கு மணி அடித்தது. தகப்பன் முதலில் போனார், போக அனுமதி கிடைத்த கைதியைப் போல. நாத்தனார் கைப்பையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். தாய்மாமன் குனிந்து, குழந்தையின் வாயைக் கைக்குட்டையால் துடைத்து, நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கடைசியாக வெளியே வந்தார். ‘தாய்மாமனுக்குப் பாசம் அதிகம்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வரி இன்னும் இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனை முடிவு வந்தது. ஈயம் மறுபடியும் ஏறியிருந்தது. தாய் அழவில்லை, கட்டிலின் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் அதையும் நடிப்பு என்று எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தோடு வந்து, இந்தக் கட்டிலுக்கு மட்டும் எங்கிருந்துதான் எறும்பு வருமோ என்று அலுத்துக்கொண்டார். போன திங்கட்கிழமையும் இதே கதையாம். கட்டிலின் ஜன்னல் பக்கத்துக் கம்பியின் அடிப்புறத்தில் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது. முகர்ந்தால் தேன்.

இரண்டாவது, டூட்டி நர்ஸ் டார்ச் விளக்கோடு வந்து வாயைத் திறக்கச் சொன்னாள். குழந்தை வாயைத் திறந்தாள். ஆனால் நாக்கை நீட்டவில்லை. மேலே தூக்கி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஊசியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நாக்குக்கு அடியில் காய்ச்சல் பார்க்கிறார்களோ என்று கேட்டேன். இந்த வார்டில் அக்குளில்தான் வைப்பார்கள் என்றாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

“யாரோ பழக்கியிருக்காங்க சார். நாக்குக்கு அடியில தேன்ல குழைச்சு எதையோ தடவறாங்க. இதே மாதிரி நாக்கைத் தூக்குன மூணு குழந்தைங்களை நான் வேலையில இருந்தப்போ பார்த்திருக்கேன். மூணும் பேச்சு வராத குழந்தைங்க. மூணும் ஒரே இடத்துல மருந்து வாங்கினது.”

அப்போது யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டாரு. அடுத்த மாசம் என்னையும்.”

ஜன்னல் பக்கம் என்றால் நாத்தனாரின் ஸ்டூல். பட்டியல் சொல்கிறது, எறும்பும் சொல்கிறது. ஒரு தபால்காரனுக்கு இதைவிடத் தெளிவான முகவரி வேண்டுமா?

நாத்தனார் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மதியம் போய்ப் பார்த்தோம். மேஜையில் எல்லாம் கோட்டுக்கு நேராக அடுக்கியிருந்தது. விரல்களில் பத்து நகமும் நீளமாக, செம்பழுப்புச் சாயம் பூசியிருந்தது. தேன் என்றதும் முகம் சுளித்தாள். அவள் பேசியதில் பாதி அண்ணிமேல் இருந்த வெறுப்பு. அண்ணன் இளைத்துப் போனான், வீடு வீடாக இல்லை, ஊமைக் குழந்தையைப் பெற்றுக் கொடுத்தவளுக்கு வாய் மட்டும் குறைவில்லை. கடைசியில் அவளே ஒன்று சொன்னாள், சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“என்னைப் பார்த்தாலே அது திரும்பிப் படுத்துக்கும். என் கையால தண்ணிகூடக் குடிக்காது. ஒரு தடவை தூக்கப் போனேன், கடிச்சிடுச்சு.”

வெளியே வந்ததும் ஊசி, இவள் நாக்குக்கு அடியில் விரல் வைத்திருந்தால் குழந்தைக்குத் தையல் போட வேண்டியிருந்திருக்கும் என்றாள். “அந்த நகத்தைப் பார்த்தீங்களா? தோட்ட வேலைக்கு ஆகும்.”

பொய் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்த இடத்திலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினோம்.

அந்த இடம் ஒரு பொத்தான் கடையின் மாடி. இரும்புப் படி. மேலே வாசலில் பதினோரு ஜோடிச் செருப்புகள். உள்ளே பெஞ்சுகளில் பெற்றோர்கள், மடியில் குழந்தைகள். இத்தனை குழந்தைகள் இருந்தும் அவ்வளவு அமைதியான ஓர் அறையை நான் பார்த்ததில்லை.

வைத்தியம் செய்பவளை ‘நாக்கம்மா’ என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த புடவை, சுத்தமான கை, பள்ளி ஆசிரியையின் குரல். ஊசி என்னைக் காட்டி, குழந்தையின் அப்பா என்று கூசாமல் சொன்னாள். “இவருக்கும் பேச்சு கம்மிதான். பரம்பரை.”

நாக்கம்மா சிரித்தாள். பிறகு சிறிய காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து முறையைச் சொன்னாள். தேனில் குழைக்க வேண்டும். ஞாயிறுதோறும் நாக்குக்கு அடியில் தடவ வேண்டும். நாக்கு கீறாமலிருக்க, தடவுகிற ஆள்காட்டி விரலின் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். எப்போதும் ஒரே கை, ஒரே விரல். வாந்தி வந்தால் பயப்படக் கூடாது. அழுக்கு வெளியே வருகிறது.

யார் வேண்டுமானாலும் தடவலாமா, அத்தை இருக்கிறாள் என்று கேட்டேன்.

“கூடாது” என்றாள். “குழந்தைக்கு யார் மேல உசுரோ அவங்க கைதான் ஆகும். வேற கை பட்டா மருந்து பலிக்காது. அத்தையோட அதுக்கு ஒட்டுதல் இருக்கா?”

இல்லை என்றேன். அப்படியானால் அத்தை வேண்டாம் என்றாள்.

என் முகவரி அங்கேயே அழிந்தது. பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தேன். வரிசையாக வலது கைகள். எல்லாவற்றிலும் ஆள்காட்டி விரலின் நகம் மட்டும் சதையோடு சதையாக வெட்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு குழந்தைக்கு உயிரானவர்.

பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கடிதங்களைக் கையாலேயே நிறுத்துப் பழகியவன் நான். வேர், பட்டை, இலை எதை இடித்து மடித்திருந்தாலும் இந்த அளவுக்கு இரண்டு மூன்று கிராம் இருக்கலாம். இது பத்துக்கு மேல். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் நைசான தூள். கீழே படியில் பெயிண்டர் ஒருவர் துருவுக்கு மேல் பூசிக்கொண்டிருந்த ஈயப் பூச்சின் அதே நிறம்.

மூலையில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள். நாக்கம்மாவின் மகள். ஊசி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தைத் தட்டுவதுபோல் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு ஓரமாக, பென்சிலால் கோடு போட்டதுபோல் கருநீலம்.

“எத்தனை வருஷமா இவளுக்கு வைக்கிறீங்க?” என்றாள் ஊசி.

“ஆறு வருஷம்.”

“பேசுறாளா?”

நாக்கம்மா சற்று நேரம் மகளைப் பார்த்தாள். “வரும். அந்தக் கோடு மருந்து பிடிச்சதுக்கு அடையாளம்” என்றாள்.

அவள் ஏமாற்றுக்காரியாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. ஏமாற்றுகிறவனுக்குப் பயம் இருக்கும். பயத்தில் ஒருநாள் நிறுத்துவான்.

படியில் இறங்கும்போது, மேலே வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஊசி, இது ஈயம், வைக்காதே என்று சொன்னாள். அந்தப் பெண் இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். “உங்க குழந்தை பேசுதா?” என்று கேட்டாள். ஊசி ஆமென்றாள். “அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்” என்றுவிட்டு அவள் மேலே போனாள்.

தெருவில் ஊசி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு, நாத்தனார் இல்லையென்றால் மறுபடியும் தாய்தானே என்றாள். குழந்தைக்கு உசிர் அவள்மேல்தானே. அவள் நகம் முழுக்கக் கடிபட்டிருக்கிறது. வெட்டினாளா இல்லையா என்று யார் சொல்வது? தாயைக் காப்பாற்றக் கிளம்பி அவளுக்கே கயிறு திரித்துவிட்டோமோ என்று எனக்கும் கலக்கம்தான். ஆனால் எறும்பு வந்தது ஞாயிற்றுக்கு மறுநாள் மட்டும், அந்த ஞாயிறு மாலை தாய் இருந்தது தலைமாட்டில். தேன் இருந்தது ஜன்னல் பக்கம். தலைமாட்டிலிருந்து கை நீட்டி ஜன்னல் பக்கத்துக் கம்பியின் அடியில் துடைக்க முடியாது.

“பட்டியலைப் படிங்க சார்” என்றாள். படித்தேன். தாய், தகப்பன், நாத்தனார், காலி நாற்காலி.

“அங்க நானும் இருந்தேனே. என்னைக் காணோம்?”

நின்றவர்களை எழுதவில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நடுத்தெருவில் என் கால் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி அந்தத் திருகாணியைப் பார்த்தேன். லென்ஸும் திருகாணியும் நாள் முழுக்கக் கையாளுகிற ஒருவர், ஆள்காட்டி விரலை விட்டு நடுவிரலால் ஏன் எடுத்தார்? ஏன் இரண்டு தடவை நழுவியது?

மாலை நாலரை மணிக்குத் தாய்மாமன் என் அலுவலகத்துக்கு வந்தார். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். நின்றபடியேதான் கேட்டார், அவர் எங்கும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேஜைக் கண்ணாடியின்மேல் ஒட்டாத தபால்தலை ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கொடுங்கள் என்றேன். கட்டைவிரல், நடுவிரல். ஆள்காட்டி விரல் ஒதுங்கியே இருந்தது, விருந்தாளி மாதிரி.

“உட்காருங்க” என்றேன். “மாடிக்குப் போய்ட்டு வந்தோம். பொத்தான் கடை மாடி.”

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முகம் மலர்ந்து, நாக்கம்மா சொன்னார்களா, விஷம் வைப்பது யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆவலோடு கேட்டார். ஊசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுதும் ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாக்கைத் தூக்கியது, எறும்பு, தேன், நகம், பொட்டலத்தின் கனம், படியிலிருந்த பெயிண்டின் நிறம், அந்தப் பதினோரு வயதுப் பெண்ணின் ஈறு. அவர் நாற்காலியின் கையைத் தடவித் தேடி உட்கார்ந்தார். 

“ரெண்டாவது தடவை வச்ச அன்னிக்கு அவ மாமான்னு சொன்னா சார். நாலு வருஷத்துல ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் நான் எப்படி நிறுத்துவேன்?”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“தங்கச்சிகிட்ட சொல்லலை. முழுசாப் பேச வச்சுட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில ஈயம்னு சொன்னதும் நாக்கம்மாகிட்ட ஓடினேன். யாரோ விஷம் வைக்கிறாங்க, அதை முறிக்க மருந்தைக் கூட்டி வைன்னாங்க. கூட்டி வச்சேன். விஷம் வைக்கிறது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

கண்ணாடிக்கூட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். திருப்புளிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவு சீசா. அடியில் செம்மஞ்சளாகத் தேன். வேலியே பயிரை மேய்ந்ததென்று சொல்வார்கள். இந்த வேலி பயிருக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தது.

“நிறுத்திட்டா அவ பேசுவாளா?” என்று ஊசியைக் கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருப்பவள் அவள். அன்று தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு, ஈயம் மூளைக்குப் போய்த் தங்கும், எலும்பிலும் தங்கும், இறங்குவதற்கு நாளாகும், உயிருக்கு இப்போது பயமில்லை என்று மட்டும் சொன்னாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கடிதத்தை எழுதினேன். பெறுநர், குழந்தைகள் நலக் குழுத் தலைவர். நகல், வார்டின் தலைமை மருத்துவருக்கும் நகரச் சுகாதார அதிகாரிக்கும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பதினோராம் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் என்று தொடங்கி, தாய், தகப்பன், நாத்தனார் என வரிசையாக எழுதி, ஐந்தாவது வரியில் ‘தாய்மாமன், ஜன்னலோரம், நின்றுகொண்டிருந்தார்’ என்று சேர்த்தேன். பொத்தான் கடை மாடியையும் பதினோரு ஜோடிச் செருப்புகளையும், அந்த மகளையும் எழுதினேன். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நர்ஸ் எழுதிக் கொடுத்த காகிதம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டேன். ஊசி அதை என் தோளுக்கு மேலாகப் படித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசித்துக் காட்டினேன். அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“என் தங்கச்சியை நம்புன ஒரே ஆள் நான்தான் சார். நாளைக்குக் குழுவுல இருந்து அவ வெளிய வந்ததும், அது நான்தான்னு யார் சொல்றது?”

நீங்கள்தான் என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக் கடைக்காரரின் கையெழுத்து, பொடிப்பொடியாக, தெளிவாக.

சீசாவையும் பொட்டலத்தையும் தனி உறையில் போட்டுக் கட்டினேன். கடிதத்தின் உறையை அவர்தான் கையில் எடுத்தார். ஒட்டித் தருகிறேன் என்றார். பசை நனைப்பதற்காக என் மேஜையில் எப்போதும் ஈரப் பஞ்சு வைத்த கிண்ணம் ஒன்று இருக்கும். பழக்கத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் அதை நோக்கிப் போனது. பஞ்சைத் தொடுவதற்கு முன்னால் நின்றது. அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, உறையை என் பக்கம் தள்ளினார்.

நான் ஒட்டினேன். குழுவின் அலுவலகத்தை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள், மணி ஐந்தரை. ஊசி இரண்டு உறைகளையும் வாங்கி, முகவரியை ஒருமுறை படித்துச் சரிபார்த்து, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.